‘நிலையான சம்பளம்’ என்று மனை விற்பனை நிறுவனத்தில் சேரப் போகிறவர்களுக்கு

‘மாதம் 18,000 நிலையான சம்பளம், அனுபவம் தேவையில்லை’ என்ற விளம்பரம் காரைக்குடி, தேவகோட்டைச் சுவர்களில் மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தில் சேர்ந்தவன் நான். ஜவுளிக்கடைக் கணக்கர், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர் என்று என்னோடு சேர்ந்த எல்லோருமே ஊரில் நாலு பேர் நம்பும் ஆட்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து இங்கே மனை விலையைப் பற்றித்தான் பேச்சு. அதனால் இந்த வேலைக்கு எதிர்காலம் இருப்பதாகவே வீட்டிலும் நினைத்தோம். “கமிஷன் வேலை இல்லை சார், மாதச் சம்பளம்தான்” என்று மேலாளர் அடித்துச் சொன்னார். பணி ஆணை மட்டும் ‘தலைமை அலுவலகத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது’ என்றார்கள், கைக்கு வரவே இல்லை. முதல் மாதப் பணம் சிறு பிடித்தம் போக வங்கியில் ஏறியது. பி.எஃப். பிடித்தம் என்றார்கள். அடுத்த மாதம் பாதிதான் வந்தது. பிறகு, “புக்கிங் இல்லாமல் எப்படிச் சம்பளம் தருவது?” என்று கேட்டார்கள்.

வருமான வரிக் கணக்குக்காக, நம் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்தபோது உண்மை தெரிந்தது. அந்தப் பிடித்தம் பி.எஃப். அல்ல. எனக்குக் கொடுத்த பணத்தைக் கமிஷன் என்று காட்டி 194எச் பிரிவில் வரி பிடித்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் நான் ஊழியனே இல்லை, தரகன்!

தரகனுக்கு வைப்பு நிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் இருக்கிறது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ளாமல் மனை விற்றுக்கொடுக்கும் தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது. இவர்களுடைய மனைப்பிரிவுக்கு அந்தப் பதிவு எண்ணே கிடையாது.

முன்பண ரசீதுகளில் எங்களைக் கையெழுத்திட வைத்தார்கள். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி நகையை அடகு வைத்து, விலையில் கால் பங்கைக் கொடுத்திருந்தார். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அதே சட்டம் தடை விதிக்கிறது. பத்திரம் கேட்டுப் போன அவரிடம் அலுவலகம் சொன்ன பதில்: “ரசீதில் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள்.” அவர் என் வீட்டுக்கு வந்தார். “உன் முகத்துக்காகத்தானே தம்பி கொடுத்தேன்” என்றார். வயதானவரை இப்படி அலையவிட்டவர்கள் மீது எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. ரெராவுக்கு அவருடைய புகாரை நானே எழுதிக்கொடுத்தேன்.

சேருமுன் பணி ஆணையைக் கையில் வாங்கிப் படியுங்கள். ‘கமிஷனில் ஈடுசெய்யப்படும்’ என்ற வரி இருந்தால் அது சம்பளம் அல்ல, முன்பணம். மனைப்பிரிவின் பதிவு எண்ணை ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். மேலாளர் காட்டும் நகலை நம்ப வேண்டாம்.

இப்போது அங்கே வேலையில் இருப்பவர்கள் ரசீதில் கையெழுத்திடுவதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே இட்டவற்றின் நகலையும், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.