இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: நீலத்திரை நின்று மூன்று வாரம்

புத்தகப் பக்க வடிவமைப்பு என் வேலை. லேப்டாப் மூடியைத் திறந்தால் விட்ட பக்கம் விட்ட இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாதமாக அது இல்லாமல் போயிற்று. ஸ்லீப்பிலிருந்து எழும்போது திரை உறையும், கொஞ்ச நேரத்தில் நீலத்திரை, உடனே ரீஸ்டார்ட். சேமிக்காத பக்கம் போனது போனதுதான்.

முதலில் ராம் மேல்தான் சந்தேகம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். மூன்றாம் நாளே மறுபடி நீலத்திரை. பிறகுதான் நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்புகளை, அவற்றைப் படிக்கும் விண்டிபக் கருவியில் திறந்து பார்த்தேன். ஐந்தில் நான்கு ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’. நான்கும் கைகாட்டியது வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை. தூங்கு, எழு என்று விண்டோஸ் சொன்னதை ஒரு டிரைவர் நேரத்துக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் வரும் பிழை இது. லேப்டாப்போடு வந்த கார்டைக் கழற்றிவிட்டு, வேகம் கூடும் என்று வேறொரு கார்டு மாட்டி அப்போது சரியாக இரண்டு மாதம்!

டிரைவரின் பழைய பதிப்பைப் போட்டேன். டிவைஸ் மேனேஜரில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கும் அனுமதியையும் எடுத்தேன். கிராஷ் குறைந்தது, நிற்கவில்லை. கார்டையே கழற்றி வைத்துவிட்டு யுஎஸ்பி வைஃபையில் நான்கு நாள் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

அடுத்து வாங்கியதுதான் ஏஎக்ஸ்210. என்னுடையது ஏஎம்டி பிராசசர். வாங்கும்போது கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்211-உம் பார்வைக்கு ஏறக்குறைய இதேதான், லேப்டாப்புக்குள் கார்டு மாட்டும் இதே எம்.2 ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் அது சிஎன்விஐ வகை, வைஃபை வேலையில் ஒரு பகுதி இன்டெல் பிராசசர் பக்கமே நடக்கிறது. ஏஎம்டி லேப்டாப்பில் அது வேலை செய்யாது. 210 அப்படியல்ல, வைஃபை பிசிஐஇ என்ற பொதுவான இணைப்பு வழியாகவும் புளூடூத் அதே ஸ்லாட்டின் யுஎஸ்பி வழியாகவும் போகிறது. சில பழைய லேப்டாப்களில், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஆன்டெனா வயர் முனைகள் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நேர் மேலே வைத்து விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும். இரண்டாவது வயருக்கு எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

ஒரு நாளைக்குப் பத்து முறையாவது மூடித் திறக்கிறேன், மூன்று வாரத்தில் ஒரு கிராஷ் இல்லை. எனக்கு அதுவே போதும். வேகத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, என் ரூட்டர் பழசு. வைஃபையின் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டுமென்றால் அதற்கேற்ற ரூட்டரும் விண்டோஸ் 11-உம் தேவை.

குறை என்றால், புளூடூத்துக்குத் தனி டிரைவர் போடும்வரை ஹெட்செட் தெரியவில்லை. இரண்டு டிரைவரையும் முதலிலேயே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். எனக்கு வந்த பெட்டியில் திருகு இல்லை, பழைய கார்டின் திருகைத்தான் போட்டேன். கழற்றும்போது அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.