பாத்ரூமில் வழுக்காமல் இருக்க: டைல்ஸா, மேட்டா, கம்பியா?

வீட்டில் எழுபது தாண்டியவர் ஒருமுறை வழுக்கிவிட்டால், உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டு பாத்ரூம் டைல்ஸை மாற்றச் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

சொரசொர டைல்ஸ் நல்லதுதான். ஆனால் கடைக்காரர் "ஆர் 11 சார், வழுக்கவே வழுக்காது" என்றால் அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஆர் எண், எண்ணெய் ஊற்றிய சாய்வுத் தரையில் ஷூ போட்டு நடந்து பார்த்துக் கொடுப்பது. வெறுங்கால், சோப்புத் தண்ணீர் சோதனைக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. குளிக்கும் இடத்துக்கு அதைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், சொரசொரப்பில் சோப்பு அழுக்கு படிந்தால் பழைய கதைதான். பிரஷ் போட்டுத் தேய்க்க ஆள் வேண்டும்.

ரப்பர் மேட் மலிவு, இன்றைக்கே போடலாம். அடியில் சக்‌ஷன் கப் உள்ளது வழவழ டைல்ஸில் மட்டுமே ஒட்டும். பாத்ரூம் வாசலில் பழைய புடவையை மடித்துப் போடுகிறோமே, அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

என் ஓட்டு சுவரில் மாட்டும் கைப்பிடிக் கம்பிக்கு. டாய்லெட்டிலிருந்து எழும்போதும், குளித்துவிட்டுத் திரும்பும்போதும் கை எதையாவது தேடும். அகப்படுவது துண்டு போடும் ராட். அதன் குட்டி ஸ்க்ரூ ஆள் பாரத்தைத் தாங்காது.

கம்பியிலும் இரண்டு வகை. துளை போடாமல் ஒட்டவைக்கும் சக்‌ஷன் கைப்பிடி வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஆசை காட்டும். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் கப் உட்கார்ந்தால் காற்று புகுந்து பிடி விட்டுவிடும். காலையில் இறுக்கமாக இருந்தது ராத்திரி கையோடு வரலாம். வீட்டு ஓனரிடம் கெஞ்சியாவது சுவரில் துளை போட்டு மாட்டுவதே சரி. 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்டீல் கம்பி கைக்குள் அடங்கும். நின்று பிடிக்க, தரையிலிருந்து 33–36 அங்குலம் உயரம். துளை போடுமுன் டைல்ஸை விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வந்தால் அந்த இடம் வேண்டாம். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவரில், ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கேற்ற ஆங்கரைக் கேளுங்கள். மாட்டி முடித்ததும் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள். "எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு?" என்று அப்பா முறைப்பார், முறைக்கட்டும்.

வீட்டைத் திருத்துவதா, உடற்பயிற்சியா என்றால் ஆளைப் பொறுத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, விழும் அபாயம் அதிகமுள்ளவர்கள் வீட்டில் இத்தகைய திருத்தங்கள் விழுதலை 38 சதவீதம் குறைத்தன. மற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. உடற்பயிற்சி 23 சதவீதம் குறைப்பதாக அதே அமைப்பின் 2019 தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே ஏற்கெனவே விழுந்தவருக்குக் கம்பி இந்த வாரமே. இன்னும் திடமாக நடப்பவருக்கு, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால் உயர்த்துவதும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் தினமும்.