பழைய லாரி எஞ்சினுக்கு ஃப்ளைவீல்: உள்ளதைத் திருத்துவதா, வேறொன்றைத் தேடுவதா?

பழைய லாரி எஞ்சினைப் பிரித்துக் கட்டுபவர்கள் பிஸ்டனையும் பேரிங்கையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு மட்டும் "கிராங்கில் போல்ட் ஓட்டை சேருதா, அப்ப சரி" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. ஃப்ளைவீல் நான்கு பாகங்களோடு ஒத்துப்போக வேண்டும்: கிராங்க் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச் (ஃப்ளைவீலை போல்ட் போடும் முனைத்தட்டு), ஸ்டார்ட்டரின் பினியன் (சின்னப் பல்சக்கரம்), கிளட்ச், இவற்றை மூடியிருக்கும் பெல் ஹவுசிங். ஐந்தாவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது பேலன்ஸ், அதாவது சுற்றும்போது எடை சமனாக இருப்பது. முன்னால் இருக்கும் வழிகளில் எது இந்த ஐந்தில் மிகக் குறைவாகக் கை வைக்கிறதோ, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கணக்கில் எஞ்சினோடு வந்த பழைய ஃப்ளைவீலே முன்னால் நிற்கிறது. ஐந்துமே ஏற்கெனவே பொருந்தியவை. மேற்பரப்பில் மயிரிழைபோல வெப்பக் கீறல்களும் நீலத் திட்டுகளும் இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபேஸிங் செய்தால், அதாவது பரப்பை லேத்தில் லேசாகக் கடைந்தால், பெரும்பாலும் போய்விடும். போல்ட் ஓட்டையிலிருந்தோ நடுவிலிருந்தோ ஆரம் போல ஓடும் விரிசல் வேறு விஷயம். அதைக் கழித்துவிட வேண்டியதுதான். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்துச் சமாளிக்க யாராவது முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுற்றும்போது உடைந்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கையே பிய்த்துக்கொண்டு வரும், ஓட்டுநரின் கால் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல ஃப்ளைவீல் மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் தரும். இது முதல் சோதனை மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது, காந்தமேற்றி இரும்புத் துகளால் விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை.

ஃபேஸிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில ஃப்ளைவீல்கள் தட்டையானவை. சிலவற்றில் கிளட்ச் தட்டு உரசும் பரப்புக்கும், அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் பரப்புக்கும் இடையே ஒரு படி இருக்கும். படி உள்ளதில் உரசும் பரப்பை மட்டும் கடைந்தால் படியின் ஆழம் மாறிப் பிரஷர் பிளேட்டின் பிடி குறையும், கிளட்ச் வழுக்கும். இரண்டையும் ஒரே அளவு கடைய வேண்டும். இதை லேத் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஃப்ளைவீலின் விளிம்பில் ஏற்றிய பல் வளையமான ரிங் கியர் தேய்ந்துவிட்டது என்பதற்காகவே நல்ல ஃப்ளைவீலைத் தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷனில் முட்டித்தான் நிற்கும். ஒரு சுற்றில் அப்படி மூன்று இடங்கள். அதனால் ஸ்டார்ட்டர் பினியன் திரும்பத் திரும்ப அந்த மூன்று இடங்களில்தான் கடிக்கிறது, நடுவில் உள்ள பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, 60 டிகிரி திருப்பி மறுபடி ஏற்றினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். ஏற்றும்போது 200 டிகிரி செல்சியஸ் சுற்றிலும் சீராகச் சூடாக்கினால் போதும். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் பல்லின் கடினத்தன்மை இறங்கிவிட்டது என்று அர்த்தம். பற்களின் சரிவு வெட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வழி, அதே குடும்பத்து இன்னொரு எஞ்சினிலிருந்து கழற்றியது. இங்கே "அதே குடும்பம்" என்ற சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. செவர்லே லாரிகளின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட் காலத்து 216, 235 எஞ்சின்களின் (எண்கள் கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு) ரிங் கியரில் 139 பற்கள். 12 வோல்ட்டுக்கு மாறிய 1955-க்குப் பிந்தைய 235-இல் 168 பற்கள். ஒன்றின் ஸ்டார்ட்டர் மற்றதன் ரிங் கியரோடு சேராது, போட்டால் இரண்டு பக்கப் பல்லும் போகும். ஆனால் இதே குடும்பம் ஒரு வசதியும் தருகிறது. 216 இருந்த லாரியில் பிந்தைய 235-ஐ வைப்பவர்கள் 216-இன் ஃப்ளைவீலையும் பெல் ஹவுசிங்கையும் அப்படியே 235-க்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்டார்ட்டரும் கிளட்சும் பழையபடியே இருக்கும். எஞ்சின் மாறினாலும் ஃப்ளைவீலை மாற்றாமல் இருப்பதே இங்கே நல்ல தேர்வு.

கழற்றிய ஃப்ளைவீலில் எனக்குப் பெரிய பயம் பேலன்ஸ்தான். செவர்லேயின் 350 வி8-உம் 400 வி8-உம் 1985-க்கு முந்தைய வார்ப்பில் ஒரே போல்ட் அமைப்பு கொண்டவை. ஃப்ளைவீல் கச்சிதமாக உட்காரும். ஆனால் 350-இன் கிராங்க் தனக்குள்ளேயே சமன் செய்யப்பட்டது, 400-க்கு ஃப்ளைவீலில் கூடுதல் எடை தேவை. ஃபோர்டின் 302-இலும் இதே கதை: 1980-களின் தொடக்கத்தில் அந்த எடை 28 அவுன்ஸ்-அங்குலத்திலிருந்து 50-க்கு மாறியது. தப்பானதைப் போட்டால் எஞ்சின் ஓடும், அதிரவும் செய்யும். அந்த அதிர்வு பேரிங்கை மெல்ல மெல்லத் தின்னும். அதனால் கழற்றியதை வாங்கும்போது எஞ்சின் எண்ணையும் வார்ப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள், ஓட்டையை எண்ணி வாங்காதீர்கள்.

புதிதாகச் செய்து விற்கும் ஃப்ளைவீல் மூன்றாவது. பெயர் பெற்ற எஞ்சினுக்குக் கிடைக்கும், அபூர்வமானதற்குக் கிடைக்காது. வேறு வழியில்லாதபோது எஃகுத் துண்டிலிருந்து கடைந்து செய்யச் சொல்லலாம். வார்ப்பிரும்பைவிட எஃகு உடையும் ஆபத்து குறைவு, அது பெரிய நன்மை. பழைய ஃப்ளைவீல் விரிசலோடாவது கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதை அளந்து அதன் எடைச் சமனின்மையைப் புதியதுக்கு மாற்றிக் கொடுக்கப் பேலன்ஸிங் பட்டறையால் முடியும். எறிந்துவிட்டால் கிராங்கையே கழற்றிக் கொண்டுபோக நேரிடலாம்.

புதிதாகச் செய்யும்போது "எடையைக் குறைத்துவிடலாமே" என்ற யோசனை வரும். ரேஸ் காருக்கு அது சரி. லாரிக்கு வேண்டாம். ஃப்ளைவீலில் சேரும் ஆற்றல் சுற்றுவேகத்தின் வர்க்கமாக ஏறும். நிமிடத்துக்கு 700 சுற்றில் இருப்பது 1,400 சுற்றில் இருப்பதில் கால் பங்குதான். பாரத்தோடு மேட்டில் கிளட்சை விடும் நேரத்தில் அந்தக் கால் பங்கைத்தான் நம்பியிருக்கிறோம். அதையும் கடைந்து எடுத்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும், ஓட்டுபவர் அதிக வேகத்தில் கிளட்சை உரசவிட்டுப் பழகுவார், தட்டு சீக்கிரம் கருகும்.

கிளட்சின் விட்டம், பெல் ஹவுசிங்கின் உள்ளிடம் இரண்டும் டேப்பும் காலிப்பரும் வைத்து அளந்துவிடக்கூடியவை, அவற்றில் குழப்பம் குறைவு.

என் வரிசை இதுதான்: விரிசல் இல்லாத பழையது, அப்புறம் எண் ஒத்துப்போகும் கழற்றியது, இரண்டும் இல்லாதபோது புதியது. எதைத் தேர்ந்தாலும் போல்ட்டுகளை முறுக்கிய பிறகு டயல் கேஜை (மிகச் சிறிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் ஆடினால் ஃபிளாஞ்சில் ஒட்டிய துருவையோ பிசிரையோ முதலில் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது சரியானதும் கிளட்சை ஏற்றும் முன் ஸ்டார்ட்டரை மாட்டி, பினியனைக் கையால் ரிங் கியருக்குள் தள்ளி, எஞ்சினையும் கையாலேயே சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் கியர்பாக்ஸ் இன்னும் தரையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.