இணையத்தளத்தில் படங்கள் வராவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் படத்தின் முகவரியைப் பாருங்கள்

புதுக்குடியிருப்புப் பகுதியில் இயங்கும் எங்கள் பெண்கள் சங்கம் பனையோலைக் கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, பனங்கட்டிக் குட்டான் ஆகியவற்றைச் செய்து விற்கிறது. வாங்குவோரில் பெரும்பாலானோர் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பதால், எங்கள் விற்பனை இணையத்தளத்தில் உள்ள படங்களையே நம்பியிருக்கிறது. கடகத்தின் பின்னலையும் நிறத்தையும் பார்க்காமல் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் அதற்குப் பணம் அனுப்பமாட்டார். அந்தத் தளத்தை அமைத்துத் தந்தவரே எங்கள் படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களிடம் பணம் பறித்தார். விடயம் இப்போது மத்தியஸ்த சபையின் முன் இருப்பதால் அவருடைய பெயரையும் கடை இருக்கும் ஊரையும் எழுதவில்லை. அவர் கையாண்ட முறையை ஒரு கைத்தொலைபேசியையும் ஒரு கணினியையும் வைத்து எவரும் கண்டுபிடிக்கலாம் என்பதால், அதை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

தளம் அமைக்க 65,000 ரூபா, அதன்பின் வருடத்துக்கு 12,000 ரூபா என்பதே பேச்சு. தளம் வெளியான சில நாட்களிலேயே கடகங்களின் படங்கள் சில தெரியவில்லை. கேட்டபோது, "அக்கா, சேர்வர் பழசாப் போச்சு, புதுசுக்கு மாத்தினாத்தான் எல்லாப் படமும் வரும்" என்றார். அதற்காக 15,000 ரூபா கொடுத்தோம். பற்றுச்சீட்டில் "சேர்வர் தரமுயர்த்தல்" என்று எழுதித் தந்தார். படங்களும் அன்றே வந்துவிட்டன.

சேர்வர் என்பது தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்போருக்கு அனுப்பும் கணினி. உண்மையில் எந்தச் சேர்வரும் மாறவில்லை என்பது பின்னர் தெரிய வந்தது. கமராவிலிருந்து வந்த கோப்புகளின் பெயர் முடிவில் ஜேபிஜி என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. பக்கத்தில் அவர் அதே பெயரைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தார். விண்டோஸ் கணினி இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும் என்பதால் அவருடைய மேசையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. இணையச் சேர்வர்களிற் பெரும்பாலானவை விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் இயங்குபவை. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஆகவே அது அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. கோப்புகளின் பெயரை மாற்றினால் தீர்ந்துவிடும் வேலைக்குத்தான் 15,000 ரூபா வாங்கினார். அத்துடன் நின்றிருந்தால் அதிக விலைக்கு வேலை வாங்கினோம் என்று விட்டிருப்போம், இந்தப் பதிவுக்கும் தேவை இருந்திராது.

இரண்டாம் வருடம் தொடங்கும்போது வருடக் கட்டணத்தை 30,000 ரூபாவாக உயர்த்தப் போவதாக அறிவித்தார். பேசிய தொகையைத்தான் தருவோம் என்று சங்கம் எழுத்தில் பதில் அனுப்பியது. அந்த வாரமே தளத்தில் இருந்த படங்கள் அனைத்தும் மறைந்தன. எழுத்துகள் இருந்தன, விலைகள் இருந்தன, தொடர்புப் படிவம் வேலை செய்தது. படம் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கட்டங்கள் மட்டும் இருந்தன. தைப்பொங்கலுக்கு முந்திய காலம், குட்டான்களுக்கு அதிகம் கேள்வி வரும் காலம் அது.

அவரிடம் கேட்டபோது கிடைத்த பதில் வன்னியில் எவரையும் நம்ப வைக்கக்கூடியது. "படம் எங்கட பக்கம் வடிவா வருது அக்கா. உங்கட இடத்தில நெற் ஸ்லோ, அதுதான்" என்று சொல்லி, ஒரு படத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை அழுத்தினால் நீற்றுப்பெட்டியின் படம் முழுமையாகத் திறந்தது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் சிக்னல் தேடி வீட்டு முற்றத்தில் நடக்கும் எங்கள் உறுப்பினர்கள் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார். முற்றத்துச் சிக்னல் குறைந்தால் ஸ்காபரோவில் படம் மறையாது. இணைப்பு மெதுவாக இருந்தால் படங்கள் பாதி வரைக்கும் வந்து நிற்கும், அல்லது சில வந்து சில வராமல் போகும். ஒரு தளத்தின் எல்லாப் படங்களும், அவை மட்டும், எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் மறைவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவர், அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் படிக்கும் என் அக்காவின் மகள். கணினியில் குரோம் உலாவியில் எங்கள் பக்கத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வேர்க் என்ற பகுதியைப் பார்த்தபடி பக்கத்தை மீண்டும் ஏற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே 403 என்ற எண் சிவப்பில் வந்தது. 404 என்றால் கேட்ட கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள். முதல் வருடத்தில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். 403 என்றால் சேர்வர் நன்றாக இயங்குகிறது, உங்கள் கேள்வியும் அதற்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் தர மறுக்கிறது. சேர்வர் பழுதாகி நின்றிருந்தால் 403 என்ற பதிலே வந்திராது.

அதைவிட முக்கியமானது அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த முகவரி. படங்கள் எங்கள் தளத்தின் பெயரில் இல்லை. தளம் அமைத்தவருடைய சொந்த வியாபாரத் தளத்தின் கீழ், அவருடைய கணக்கில், ஒரு கோப்புறையில் இருந்தன. எங்கள் தளத்துக்கென நாங்கள் பணம் கட்டிய ஹொஸ்டிங் இடத்தில், அதாவது கோப்புகளை வைக்கச் சேர்வரில் வாடகைக்கு எடுத்த இடத்தில், எழுத்துகள் மட்டுமே இருந்தன. படங்கள் ஒவ்வொரு முறையும் அவர் வீட்டிலிருந்து இரவலாக வந்துகொண்டிருந்தன.

இனி, தனியாக அழுத்தினால் திறக்கும் படம் பக்கத்துக்குள் ஏன் வராது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய ஏமாற்று முழுவதும் இதில்தான் இருந்தது. ஒரு பக்கத்துக்குள் இருக்கும் படத்தை உலாவி கேட்கும்போது, எந்தத் தளத்தின் பக்கத்துக்காகக் கேட்கிறேன் என்பதையும் வழமையாகச் சேர்த்துச் சொல்லும். வேறு தளங்கள் தம் படங்களை இப்படி எடுத்துப் பாவிப்பதைத் தடுக்க, ஹொஸ்டிங் கணக்குகளில் ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. அதில் எந்தெந்தத் தளங்களுக்குப் படம் கொடுக்கலாம் என்ற பட்டியல் இருக்கும், பட்டியலில் இல்லாத தளத்துக்கு 403 போகும். ஆனால் வட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தித் திறக்கும்போது எந்தத் தளத்தின் பெயரும் அந்தக் கேள்வியுடன் போவதில்லை. நேரடியாகக் கேட்போருக்குக் கொடுக்கலாம் என்று அந்த வசதியில் தெரிவு செய்திருந்தால், படம் தடையின்றித் திறக்கும். தனியே திறக்கிறது, பக்கத்துக்குள் 403 வருகிறது என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தடுப்புத்தான் போடப்பட்டிருக்கும். எங்கள் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து அவர் நீக்கியிருந்தார்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பொங்கல் கட்டளைகளை இழக்க முடியாமல் உயர்த்திய கட்டணத்தின் முதற் பகுதியைச் சங்கம் அனுப்பியது. பணம் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் எல்லாப் படங்களும் திரும்பி வந்தன. மிச்சத்துக்குத் தவணை கேட்டபோது மறுபடியும் மறைந்தன. எங்கள் இடத்து நெற் அவ்வளவு கணக்காக வேலை செய்யாது.

படம் வராததற்குக் குற்றமற்ற காரணங்களும் உண்டு. அவற்றைப் பார்க்காமல் எவர் மீதும் பழி சுமத்தக்கூடாது. கனடாவில் இருக்கும் உறவினர் ஐபோனில் எடுத்து அனுப்பிய படங்கள் ஹெய்க் என்ற வடிவத்தில் இருக்கலாம்; 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் அப்படித்தான் சேமிக்கின்றன, குரோமில் அவை தெரிவதில்லை. தளம், பாதுகாப்புச் சான்றிதழுடன் இயங்கும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறிய பின்னும் படங்களின் முகவரி பழைய எச்டிடிபியிலேயே இருந்தால் உலாவி அவற்றைத் தடுக்கலாம். அந்தப் பாதுகாப்புச் சான்றிதழுக்கென்று எவராவது பெருந்தொகை கேட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாக வழங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பேஸ்புக்கில் இருக்கும் படத்தின் முகவரியை அப்படியே தளத்தில் ஒட்டியிருந்தாலும் சில காலத்தில் அது காலாவதியாகிவிடும்.

நாங்கள் இப்போது வேறொரு ஹொஸ்டிங் கணக்கைச் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் எடுத்து, படங்களை அங்கே ஏற்றி, பக்கங்களில் இருந்த முகவரிகளை மாற்றியிருக்கிறோம். டொமைன் பெயர், அதாவது உலாவியில் தட்டும் தளத்தின் பெயர்தான் இன்னும் தீராத சிக்கல். அதுவும் அவருடைய பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. சங்கத்தின் பெயரில் பதிவாகியிருந்தால், டொட் கொம் போன்ற பெயர்களை இடம் மாற்றத் தேவையான குறியீட்டை, பதிவு செய்த நிறுவனத்திடம் நாங்களே கேட்டு ஐந்து நாட்களுக்குள் பெற்றிருக்கலாம். பதிவுபெற்றவர் அவராக இருக்கும்வரை அந்த உரிமை அவருக்கே. தளம் அமைப்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன், டொமைன் எவருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முறையிட விரும்புவோர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டைச் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பேசித் தீர்க்கலாம் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். மத்தியஸ்த சபைக்கு நாங்கள் கொடுத்தவை பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் உரையாடல்கள், 403 என்ற எண்ணும் படத்தின் முகவரியும் திகதியும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்த திரைப் பிரதிகள் ஆகியவை. படங்கள் மீண்டும் வந்துவிட்டால் இந்தச் சான்று கிடைக்காது, ஆகவே மறைந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மூலப் படங்களைக் கமராவிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ நேரடியாக ஒரு யூஎஸ்பியில் பிரதி செய்து சங்க அலுவலகத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படங்கள் அளவு குறைக்கப்பட்டவை, புதிய தளத்தில் ஏற்றும்போது பின்னல் மங்கலாகத்தான் தெரியும்.