அப்பாவின் இதயமும் ரசீதிலிருந்த வலது முட்டியும்

குன்னூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ரசீதுப்படி என் அப்பாவுக்கு வலது முட்டியில் வலி. 76 வயதில் அவர் உடம்பில் பழுதின்றி இருப்பவற்றுள் அந்த முட்டியும் ஒன்று. கோளாறு இதயத்தில்தான். சென்ற ஆண்டு மாரடைப்புக்குப் பிறகு, ஊரில் சொல்வதுபோல், பம்பிங் குறைந்துவிட்டது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்குதான் அந்தப் பம்பிங்; 55-க்கு மேல் இருக்க வேண்டிய அந்த அளவு எக்கோ ஸ்கேனில் 35 சதவீதம் என்று வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் யாரோ எழுதிய 'ரெஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டதால், ஆறு வார விடுப்பில் பர்மிங்காமிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது, அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரம்பு நாற்காலியிலேயே குடியிருந்தார். தினமும் மார்க்கெட்டுக்கு இறங்கி வர்க்கி வாங்கி வந்த மனிதர், வாசற்படி இறங்கினாலே மூச்சு வாங்குகிறது என்றார்.

மூச்சு வாங்குவதற்கு இதயம் மட்டுமே காரணமன்று. மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகளும் நலிந்து, சிறு வேலைக்கே உடம்பு திணறும் என்பதை என் மாமனாருக்கு இதே இதயச் செயலிழப்பு நோய் வந்தபோது பர்மிங்காமில் சொல்லித் தந்தார்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி ஆபத்தானதா என்பதை அறிய, 2,331 பேரைக் கொண்டு ஹெச்எஃப்-ஆக்‌ஷன் என்ற பெரிய ஆய்வை நடத்தி 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது. நோயாளிகள் தாங்களே சொன்ன வாழ்க்கைத் தரமும் மூன்று மாதத்துக்குள் சற்று உயர்ந்து, பிறகும் இறங்காமல் நின்றது. 'சற்று' என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரம்பு நாற்காலிக்கும் மார்க்கெட்டுக்கும் உள்ள தூரமே அந்தச் 'சற்று'தான்.

கீழே கோயம்புத்தூரில் இதய மருத்துவர் பரிசோதித்து, நோய் நிலையாக இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி தொடங்கலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார். சிக்கல் மேலே வந்த பிறகுதான்.

"பிசியோவா? முட்டியா, இடுப்பா, தோள்பட்டையா?" என்றார் கவுன்ட்டரில் இருந்த இளைஞர்.

"இதயம்."

"அதுக்கு கார்டியாலஜி மேடம். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார்."

கார்டியாலஜி மருத்துவர்தான் பிசியோவுக்கு அனுப்பியிருக்கிறார் என்று கடிதத்தை நீட்டினேன். அவர் அதை மரியாதையோடு படித்தார்; படித்துவிட்டு, கணினியில் முட்டி, இடுப்பு, தோள்பட்டை, கழுத்து ஆகிய நான்கே இருப்பதாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். மேலாளரைக் கேட்க வேண்டும்; மேலாளர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம், இதே பயிற்சிக்கு என் மாமனாருக்குப் பர்மிங்காமில் வந்த அழைப்புக் கடிதத்தில் வாகன நிறுத்தம் வரை அச்சிட்டிருந்ததை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். (அந்தக் கடிதம் வர 11 வாரம் ஆயிற்று என்பது அப்போது வசதியாக மறந்துபோயிருந்தது.) கடைசியில் அப்பாவே எழுந்து சென்றார்.

"முட்டின்னே போட்டுக்கோ தம்பி."

"வலதா, இடதாங்கய்யா?"

"உனக்கு எது சௌகரியமோ அது."

உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது. கடிதத்தைப் பார்த்தவுடனே ஆறு நிமிட நடைச் சோதனை வைக்க வேண்டும் என்றார். அதற்கு 30 மீட்டர் சமதளம் வேண்டும். குன்னூரில் 30 மீட்டர் சமதளம்! அந்தக் கட்டடத்தின் தாழ்வாரமே நடுவில் இரண்டு படி இறங்குகிறது. எக்ஸ்ரே அறைக்கு எதிரே பெஞ்சுகளை நகர்த்தச் சொல்லி, டேப்பால் 20 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் பிளாஸ்டிக் முக்காலிகளை வைத்தார். தூரம் குறைந்தால் அடிக்கடி திரும்ப நேரும், அதனால் எண் சற்றுக் குறையும், ஆகவே அடுத்த முறையும் இதே இடத்தில்தான் அளக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே கீழே உள்ளவர்களின் அளவோடு இதை ஒப்பிடவும் கூடாது என்றார். அப்பா இருமுறை நின்று, 210 மீட்டர் நடந்தார். நின்றாலும் கடிகாரம் நிற்காது என்பது விதி.

வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே. மற்ற நாட்களில் வீட்டில். பனி விலகி வெயில் ஏறிய பிறகே நடக்க வேண்டும். ஏற்றத்தில் தொடங்கக் கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதால் நாடியை நம்பக் கூடாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே அளவு. (அப்பா எந்த நிலையிலும் பாடக் கூடாதென்பது அம்மாவின் தனிக் கருத்து.) தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ கால் வீங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். பர்மிங்காமில் டிரெட்மில்லும் திரையும் வைத்துச் சொன்னதை, இவர் இரண்டு முக்காலியை வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னார். அதே கட்டடத்தின் கணினிக்கு மட்டும் இது ஏன் தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஆறாம் வாரம் அதே தாழ்வாரத்தில் 262 மீட்டர். ஒரே ஒரு முறை நின்றார். அதற்கு முந்தைய வாரம், அம்மா தூங்கிய நேரம் பார்த்து மார்க்கெட் வரை போய், திரும்பும்போது ஆட்டோவில் வந்திருந்தார். வர்க்கியில் உப்பு இருக்கிறதே என்று நான் கத்த, ஒன்றுதான் தின்றேன் என்று பொட்டலத்தை எண்ணிக் காட்டினார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பணம் கட்டப் போனேன். கணினியில் இன்னும் நான்கே பெயர்கள். 'வலது முட்டி, 12 அமர்வுகள்' என்று அச்சிட்ட ரசீதை நீட்டிய அந்த இளைஞர், "ஐயாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார்.