ஆங்கிள் எடை: சூத்திரமா, அட்டவணையா, தராசா?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மாட்டுக்கொட்டகை போடுகிறவர்களுக்கு இரும்பு வாங்க இரண்டு வழி உண்டு. எல்லையைத் தாண்டி கோவை, பொள்ளாச்சி போகலாம். இல்லையென்றால் உருட்டாலைகள் இருக்கும் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போகலாம். எங்கே போனாலும் ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்பு) கிலோ கணக்கில்தான் விற்பனை. ஆனால் வரைபடத்தில் இருப்பது நீளம். நீளத்தைக் கிலோவாக மாற்றும் இடத்தில்தான் ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

ஒரு கொட்டகைக்கு 50×50×6 ஆங்கிள், அதாவது கடையில் ‘ரெண்டு இன்ச், ஆறு எம்எம்’ என்று கேட்கும் சரக்கு, 6 மீட்டர் லென்த்தாக 40 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் 1,130 கிலோ என்று எஸ்டிமேட் தருவார்கள். இன்னொன்றில் 1,063 கிலோ. மூன்றாவது ஆள் 1,080 என்பார். கிலோ விலை மூவருக்கும் ஒன்றாகவே இருக்கும். கொட்டகைக்காரர் முதல் ஆள் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடுவார். அவர் மனதறிந்து ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. மூன்று பேரும் மூன்று முறையில் எடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1,130 எப்படி வந்தது? இரண்டு பக்கங்களையும் கூட்டி (50 + 50), தடிமனால் பெருக்கி (6), 0.00785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 4.71 கிலோ. இரும்பின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்பதுதான் அந்த 0.00785. பட்டறைகளில் கால்குலேட்டரில் சட்டென்று போடும் கணக்கு இது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆங்கிளின் இரண்டு பக்கங்களும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. 6-க்கு 6 உள்ள அந்தச் சதுரம் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடுகிறது. அதை ஒரு தடவை கழிக்க வேண்டும்.

கழித்தால் சூத்திரம் இப்படி ஆகும்: (ஒரு பக்கம் + மறு பக்கம் − தடிமன்) × தடிமன் × 0.00785. அதே ஆங்கிளுக்கு 94 × 6 × 0.00785 = 4.43 கிலோ. அளவுகளை மில்லிமீட்டரில் போட்டால் விடை ஒரு மீட்டருக்கான கிலோவாக வரும். சமமில்லாத பக்கம் உள்ள ஆங்கிளுக்கும் இதே சூத்திரம்தான். 1,063 கிலோ சொன்னவர் இப்படிப் போட்டவர்.

மூன்றாமவர் கையில் இருப்பது அட்டவணை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 808 என்ற தர ஏடு ஒவ்வொரு ஆங்கிளுக்கும் மீட்டர் எடையை அச்சிட்டே கொடுத்திருக்கிறது. 50×50×6-க்கு 4.5 கிலோ என்று இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் (எல்லாம் மீட்டருக்குக் கிலோ):

| அளவு | மூலை கழிக்காமல் | மூலை கழித்து | அட்டவணை |
|---|---|---|---|
| 25×25×3 | 1.18 | 1.11 | 1.1 |
| 50×50×6 | 4.71 | 4.43 | 4.5 |
| 75×50×6 | 5.89 | 5.60 | 5.6 |
| 75×75×8 | 9.42 | 8.92 | 8.9 |
| 100×100×10 | 15.70 | 14.92 | 14.9 |

மூலை கழிக்காத கணக்கை நான் எந்த இடத்திலும் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலே உள்ள அளவுகளில் 5 முதல் 6.5 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. பக்கம் சிறியதாகவும் தடிமன் அதிகமாகவும் இருந்தால் இன்னும் மோசம், 40×40×6-ல் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. நமது கொட்டகையில் வித்தியாசம் சுமார் 68 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலே நாலாயிரம் ரூபாய்க்கு மேல், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ‘வேஸ்ட்டுக்கு ஆச்சு’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கட்டிங் வேஸ்ட் என்பது வரைபடத்தில் துண்டு நீளங்களைப் பார்த்துத் தனியாகக் கணக்கிட வேண்டிய ஒன்று. தப்பான எடைக்குள் அதை ஒளித்து வைத்தால், எவ்வளவு வேஸ்ட், எவ்வளவு பிழை என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

சூத்திரத்துக்கும் அட்டவணைக்கும் உள்ள வித்தியாசம் வேறு வகை. அசல் ஆங்கிளின் உள்மூலையில் ஒரு வளைவு உண்டு; அங்கே கொஞ்சம் இரும்பு கூடும். பக்கங்களின் ஓரம் உருண்டிருக்கும். அங்கே கொஞ்சம் குறையும். அட்டவணை இரண்டையும் கணக்கில் எடுத்து 50×50×6-ன் வெட்டுப் பரப்பை 568 சதுர மில்லிமீட்டர் என்கிறது; சூத்திரத்தில் 564. பரப்பை வைத்துப் போட்டால் 4.46 கிலோ. அதை ஒரே தசம இலக்கத்துக்கு ஏற்றி எழுதியதால் 4.5 ஆனது. ஆக 1,063-க்கும் 1,080-க்கும் நடுவே உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் வெறும் தசமப் புள்ளி வேலை. பெரிய அளவுகளில் இது கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. சின்ன ஆங்கிளை அதிகமாக வாங்குகிறவர்கள் மட்டும் எடைப் பத்தியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் பரப்புப் பத்தியைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்து 0.00785-ஆல் பெருக்கிக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதை எங்கே? எஸ்டிமேட் போட மூலை கழித்த சூத்திரம் போதும். எந்த அளவுக்கும் போடலாம், தலைகீழாகவும் போடலாம். இதைப் பிறகு சொல்கிறேன். முடித்த வேலைக்குப் போடும் பில்லுக்கும் ஒப்பந்தத்துக்கும் அட்டவணை. காரணம் அதன் துல்லியம் மட்டும் கிடையாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள ஒரு பொதுப் புத்தகம் இருக்கிறது என்பதுதான். அரசு வேலைகளில் நீளத்தை டேப் வைத்து அளந்து, அட்டவணை எடையால் பெருக்கி அளவுப் புத்தகத்தில் ஏற்றுவது வழக்கம். அங்கே போய் ‘என் சூத்திரத்தில் இவ்வளவு வருகிறது’ என்று வாதாடிப் பயனில்லை.

போன் ஆப்களைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ஆப் என்பது தனி முறை கிடையாது. மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது. எது என்று கண்டுபிடிக்க 50, 50, 6, நீளம் 1 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். 4.71 வந்தால் அழித்துவிடுங்கள். 4.43 என்றால் சூத்திரம், 4.46 அல்லது 4.5 என்றால் அட்டவணை.

இனி தராசு. சரக்கு வாங்கிப் பணம் கைமாறும் இடத்தில் தராசுதான் கடைசி வார்த்தை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தராசு? லாரி ஏறும் எடை மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் காட்டும். பத்து டன் லோடுக்கு அது ஒன்றுமே இல்லை. குட்டியானையில் 300 கிலோ ஏற்றிக்கொண்டு போய் 10 கிலோ படி உள்ள மேடையில் நிறுத்தினால், காலி வண்டிக்கு ஒரு ஐந்து, லோடு வண்டிக்கு ஒரு ஐந்து என்று 10 கிலோ வரை இப்படியும் அப்படியும் போகலாம். 3 சதவீதத்துக்கு மேல். அந்த இடத்தில் சூத்திரமே எடை மேடையை விட நம்பகமானதாகிவிடுகிறது. டிரைவர் காலி எடையின்போது கீழே நின்று, லோடு எடையின்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சின்ன லோடை கடையிலேயே உள்ள பிளாட்பாரத் தராசில் கட்டுக்கட்டாக வைத்துப் போடச் சொல்லுங்கள். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை எந்தத் தேதியில் வைத்தது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

நீளத்திலும் ஒரு விஷயம். கடைக்காரர் ‘இருபதடி லென்த்’ என்பார், நாம் 6 மீட்டர் என்று எழுதிக்கொள்வோம். இருபதடி என்றால் 6.096 மீட்டர். 1.6 சதவீத வித்தியாசம். 40 லென்த்துக்கு 17 கிலோ. சூத்திரமா அட்டவணையா என்று வாதாடும் இடைவெளியும் இதே அளவுதான்! சில ஆலைச் சரக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். எண்ணிக்கையை ஆறால் பெருக்காமல், டேப் பிடித்து மொத்த ஓட்ட நீளம் எடுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சூத்திரமும் தராசும் போட்டி முறைகள் என்று நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். உண்மையில் இரண்டையும் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம்தான் ஆங்கிளின் தடிமன் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கிறது.

6 எம்எம் என்று வாங்கிய ஒரு லென்த்தைத் தராசில் வைக்கிறீர்கள். 6 மீட்டர் நீளம், 23.2 கிலோ காட்டுகிறது. சூத்திரப்படி 26.6 வர வேண்டும். மீட்டருக்கு 3.87 கிலோ. அதை 0.00785-ஆல் வகுத்தால் வெட்டுப் பரப்பு 493. ரெண்டு இன்ச் ஆங்கிளுக்கு இந்தப் பரப்பை 95-ஆல் வகுத்தால் தடிமன் கிட்டத்தட்ட வந்துவிடும்: 5.2 மில்லிமீட்டர். அதுதான் உங்கள் ‘ஆறு எம்எம்’. உருட்டுவதில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தர விதிகளே அனுமதிக்கின்றன. அதனால் ஓரிரு சதவீதத்துக்குச் சண்டைக்குப் போக வேண்டாம். இது 13 சதவீதம். இதை ஏற்றத்தாழ்வு என்று சொல்ல முடியாது, இது லைட் சரக்கு.

கிலோ கணக்கில்தானே வாங்கினோம், குறைந்த எடைக்குக் குறைந்த பணம்தானே கொடுத்தோம் என்று தோன்றும். பணத்தில் நஷ்டமில்லைதான். கூரைக்குத்தான் நஷ்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகரத்தைத் தூக்கும் அந்த விசையைத் தாங்க வேண்டிய இரும்பில் எட்டில் ஒரு பங்கு முதல் நாளே காணோம். அதோடு மாட்டு மூத்திரமும் ஈரமும் காலடியிலிருந்து அரிக்கும், 5.2-ல் தொடங்குகிற ஆங்கிள் 6-ல் தொடங்குவதைவிடச் சீக்கிரம் பொத்தலாகும். லென்த் கணக்கில் விலை பேசி வாங்கியிருந்தால் பணமும் சேர்ந்து போகிறது.

முழு லென்த்தைத் தராசில் வைக்க வசதியில்லாத இடத்தில் துண்டு போதும். கட்டிங் மிஷினில் சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி, மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 50×50×6 என்றால் 4 கிலோ 400-லிருந்து 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் பிசகாமல் இருப்பது முக்கியம். ஒரு சென்டிமீட்டர் கூடினால் 45 கிராம் கூடிவிடும். வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பவர்கள் ஆங்கிளின் ஓரத்தில் வைக்காதீர்கள். அங்கே உருண்டிருக்கும், வெட்டிய முனையில் பிசிறும் இருக்கும். பக்கத்தின் நடுவில், பிசிறைத் தேய்த்துவிட்டு, இரண்டு பக்கத்திலும் பாருங்கள். ஒரு பக்கம் 6, மறு பக்கம் 5.5 என்று வருவதும் உண்டு. அங்கே தராசு சொல்லும் சராசரியே வெர்னியரைவிட நேர்மையானது.

கால்வனைஸ் செய்த ஆங்கிள் வாங்கினால் இந்தச் சோதனையில் ஒரு திருத்தம் வேண்டும். ரெண்டு இன்ச் ஆங்கிளின் மேற்பரப்பு மீட்டருக்குச் சுமார் 0.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 600 கிராம் துத்தநாகம் ஏறியிருந்தால் மீட்டருக்கு 120 கிராம் கூடும். அதைக் கழித்துவிட்டுத் தடிமன் பாருங்கள். பெயின்ட் எடையை விட்டுவிடலாம்.

எல்லை தாண்டிச் சரக்கு வந்தால் எந்த எடையை எழுதுவது என்ற கேள்வியும் வரும். வாளையாரில் வணிகவரிச் சாவடிக்காக லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் 2017-ல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அதில் அளவைக் குறிப்பிட வேண்டும். ஒரு டன் ஆங்கிளே அந்த வரம்பைத் தாண்டிவிடும். சரக்கோடு போகும் பில்லில் தராசு எடைதான் இருக்க வேண்டும். அட்டவணை எடையை எழுதிவிட்டு லைட் சரக்கு ஏற்றினால், வழியில் எடை போட்டுப் பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்.

கடைசியாக, கிலோ கூலிக்கு ஃபேப்ரிகேஷன் (வெட்டி வெல்டிங் செய்யும் வேலை) விடுகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே எந்த எடைக்குக் கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள்: வாங்கிய எடைக்கா, முடிந்த வேலையின் எடைக்கா? நான் முடிந்த வேலையை அளந்து, ஐஎஸ் 808 அட்டவணைப்படி என்று எழுதச் சொல்வேன். வெட்டிப் போட்ட துண்டுகள் யாருக்கு என்பதும் அதே தாளில் வரட்டும்.