கோவளம் கடலடிப் பாருக்கு ஏழு வருடம்: படகு பிடிக்கும் முன் நான் பார்ப்பவை

எங்கள் வீடு திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறசாலையில். களியக்காவிளை ஒரு பக்கம், நெய்யாற்றின்கரை மறுபக்கம். விழிஞத்துக்கு பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2018 முதல் 2025 வரை பதினொரு முறை கோவளம், விழிஞம் பக்கம் படகு வாடகைக்கு எடுத்து ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது) போயிருக்கிறேன். அதில் நான்கு முறை சிலிண்டர் கட்டி ஸ்கூபாவும் இறங்கினேன். வீட்டோடு போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கரையில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள். லட்சத்தீவு படங்களில் வரும் பவளத்தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே இருப்பது பாறை. அதன்மேல் சிப்பி, கடற்பஞ்சு, அங்கங்கே பவளம். இடுக்கில் விலாங்கு, மேலே கூட்டம் கூட்டமாகக் கிளாத்தி, கிளிமீன். தண்ணீர் தெளிந்த நாளில் கண்ணுக்கு அதுவே போதும். தெளியாத நாளில் நீட்டிய கை தெரியாது. அதனால் எங்கே போவது என்பதைவிட என்றைக்குப் போவது என்பதுதான் பெரிய கேள்வி.

இதை நான் கற்றுக்கொண்டது 2018 ஏப்ரல் கடைசியில். பள்ளி விடுமுறை, மச்சான் குடும்பமும் வந்திருந்தது. கரையில் முதலில் பேசியவரிடமே பணம் கொடுத்துவிட்டோம். படகில் ஏணி இல்லை. லைஃப் ஜாக்கெட் ஏழு பேருக்கு ஐந்து. இறங்கியபோது என்ஜினை அணைக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் அலை ஏறிவிட்டது. மச்சானின் மகளை நீவாடு (நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போனதை முதலில் பார்த்தது என் மனைவி. படகுக்காரர் தலை எண்ணவே இல்லை. பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி, ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்துகொண்டிருந்தாள். படகைத் திருப்பி அவளை ஏற்றும்வரை எங்கள் யாருக்கும் மூச்சு வரவில்லை.

அப்புறம்தான் 'கள்ளக்கடல்' என்ற சொல்லை முழுதாகப் புரிந்துகொண்டேன். வெகு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடிக்கும் புயலால் கிளம்பும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளன் போலச் சொல்லாமல் கடல் ஏறிவரும். கோடையில்தான் இது அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது அந்த எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. போவதற்கு முந்தின இரவும் அன்று காலையும் அதைப் பார்க்காமல் நான் இப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை என் கணக்கு டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பேச்சே வேண்டாம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. நவம்பர் மாதத்தில் வானிலை அறிக்கையை இரண்டு முறை பார்ப்பேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது இந்தக் கரையில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குக் கடலில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கத் தொடங்கும்.

2019 முதல் எங்களைக் கூட்டிப்போகிறவர் விழிஞத்துக்காரர். இளம் வயதில் சிப்பிக்கு முக்குளித்தவர். நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். கலங்கரை விளக்கத்தையும் மூக்குன்னிமலையையும் பார்த்துப் பார்த்தே பார் இருக்கும் இடத்தில் படகை நிறுத்துவார். இரண்டாவது முறை போனபோது எல்லாரும் உடை மாற்றி நிற்கிறோம், அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாறே, இன்னைக்கு வேண்டாம். அடியில தண்ணி கலங்கிக் கிடக்கு" என்றார். முன்பணத்தை அப்படியே திருப்பித் தந்தார். அன்றே முடிவு செய்தேன், இனி இவர்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன். போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: கடல் சரியில்லை என்றால் பணம் திரும்ப வருமா? 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாங்க' என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

படகில் ஏறும் முன் ஏணி, ஆளுக்கொரு ஜாக்கெட், முதலுதவிப் பெட்டி, ஸ்கூபா என்றால் அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர், இவற்றைக் கண்ணால் பார்ப்பேன். ஆள் இறங்கும்போதும் ஏறும்போதும் என்ஜின் அணைந்திருக்க வேண்டும். தலை எண்ணும் வேலையை இப்போது நானும் செய்கிறேன். நங்கூரத்தைப் பாரின்மேல் போடாமல் பக்கத்து மணலில் போடச் சொல்லுங்கள். நூறு வருடம் வளர்ந்த பவளம் ஒரு இழுப்பில் உடையும்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. புதுக் கண்ணாடியில் உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவினால்தான் பனி படிவது குறையும். என் சிலிக்கான் மாஸ்க் 2018-ல் வாங்கியது, இன்றும் ஒழுகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு நிழலில் காயவைக்கிறேன், அவ்வளவுதான். வார் நான்காம் வருடம் அறுந்தது, குழாயின் வாய்ப்பகுதி இரண்டு முறை மாற்றினேன். முகம் முழுவதும் மூடும் மாஸ்க் ஒன்றை மச்சான் வாங்கி வந்தார். அண்ணன் சம்மதிக்கவில்லை. விட்ட மூச்சே உள்ளே தங்கிவிடலாம், அவசரத்தில் கழற்றவும் நேரமாகும் என்றார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஸ்கூபாவில் மறக்கக்கூடாத விதி ஒன்று: தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் கிழியும். இறங்கும்போது காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க வேண்டும். சளி இருந்தால் அன்று இறங்காதீர்கள். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். மருத்துவப் படிவத்தையே நீட்டாத இடத்தில் நான் சிலிண்டர் கட்டமாட்டேன்.

2023 பிப்ரவரியில் அனுமதி வாங்கி, கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்தி தீவுக்குப் போனோம். தண்ணீரின் தெளிவுக்குக் கோவளத்தோடு ஒப்பே இல்லை. மலையாளம் தெரிந்திருந்ததால் பேச்சுக்கும் சிரமமில்லை. ஆனால் பல நாள் டைவ் செய்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் கடைசி நாளை வெறும் ஸ்நார்க்கெலிங்குக்கு வைத்தோம். வெளுத்துப்போன பவளத்தையும் அங்கேதான் முதல்முறை பார்த்தேன். கடல் சூடானால் அப்படி ஆகும். சன்ஸ்கிரீனும் பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்கள், அதனால் அதன்பின் நான் அதைப் பூசுவதை விட்டுவிட்டு முழுக்கைச் சட்டை போட்டே இறங்குகிறேன்.

இந்த ஜனவரியில் அம்மாவையும் கூட்டிப்போனேன். 63 வயது. மருத்துவரிடம் காட்டி, சரி என்ற பிறகுதான். ஜாக்கெட்டோடு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் பக்கத்திலேயே இருக்க, கால் மணி நேரம் முகத்தைத் தண்ணீரில் வைத்திருந்தார். படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியதும் சொன்னார்: "இத்தனை வருசம் கறி வச்சிருக்கேன் மக்களே, கிளாத்தி நீந்திப் போறத இப்பந்தான் பாக்கேன்."